வரிவில்: சொல்லும் தொழிலும்

சோழவந்தானைத் தொட்டோடும் வைகையின் மேற்பகுதியில், புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த நடுகற்களுள் ஒன்று ஆகோட் பூசலைக் குறிக்கின்றது. தமிழ்ப் பிராமி எழுத்துடைய அக்கல் நின்றது. ஆகோள் மறவர் ஏந்திய வில்லோ மண்ணோடு மண்ணாயிற்று. ஆதலின் பண்டை வில்லின் ஆக்கத்தை அதன் பெயர்களிடமே வினவ வேண்டியவராகின்றோம்.

கொடுமரம் என்பது வளைந்த மரம் எனப் பொருள்படும். சிலை என்பது வில்லுக்கும் மரவகை ஒன்றுக்கும் பெயர். சாபம் என்னும் வடசொல், கபிலர் சேரமான் கடுங்கோ வாழியாதனைப் பாடிய புறநானூற்று 14-ஆம் பாட்டில் வில்லைக் குறிக்கும். கௌடலியரின் அர்த்தசாத்திரமோ வில்லுக்குரிய பொருள்களாகப் பனை, சாபம், மரம், கொம்பு என நான்கு கூறும். ஆண்டுச் சாபம் மூங்கில்வகை எனக் கொள்ளப்படும். எனவே மரமும் மூங்கிலும் வில்லுக்கு ஆவன என்பது பண்டையோர் அறிந்ததே.

இனி, வரிவில், வரிசிலை என்பவற்றை நோக்குவோம். வரிதல் எழுதுதலையும் கட்டுதலையும் குறிக்கும். அது கோலம் எழுதிய வில்லோ, கட்டிய வில்லோ? இதனைத் துணிதற்குத் தொழிலறிவு துணைசெய்யும். வில் வளையுங்கால் எய்வோனை நோக்கிய உட்புறம் அழுந்தும். இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபடும். மூங்கிலின் நார் அதன் புறத்தோலையடுத்தே செறிந்திருத்தலின், இழுவிசையை நன்கு தாங்கும். ஆகவே மூங்கிற் பிளாச்சின் உட்பக்கத்தைத் தட்டையாக இழைத்து, தோற்பக்கம் வெளியே அமையுமாறு மரவில்லின் வெளிப்புறத்தில் ஒட்டுவர். பிளாச்சுத் தடிப்பாயின் மென்மரம் அதற்கு ஆற்றாது நசுங்கும். தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை ஈரத்தில் இளகும்; அப்போது ஒட்டுப் பெயராது காப்பது மேலே இறுகச் சுற்றிய கட்டேயாம்.

இதுகொண்டு வரிவில் என்பது மூங்கில் ஒட்டிய வில்லே எனத் துணியலாமோ? ஆகாது. தனிமரவில்லும் பிளவாது காக்கக் கட்டப்பெறும். கட்டுதற்குத் தொழிற்காரணம் உண்மையால், கட்டிய வில் என்னும் பொருளே சிறக்கும் என்பது எம் கருத்து. ஆயினும் கட்டினர் என்பதன்றி, எதனைக் கட்டினர் என்பதற்கு அச்சொல் சான்றாகாது. சொல் நிற்குமிடத்தில் ஆராய்ச்சியும் நிற்றல் வேண்டும். எஞ்சியது, மக்காத விற்றுண்டு ஒன்று அகழ்வில் கிடைக்கும் நாளில் முடிவுபெறும்.