காயமும் காலமும்: துப்பறியும் புதினத் தொடர்களில் ஒரு திருப்பம்

துப்பறியும் புதினங்கள் தொடராக வெளிவருவதை வணிக உத்தியாகக் காண்பதே திறனாய்வாளர் பலரின் வழக்கம். சுவீடனில் 1965 முதல் 1975 வரை வெளிவந்த பத்துப் புதினங்களை வரிசையாகப் படிப்போர்க்கு இக்கருத்தின் போதாமை புலப்படும். மாய் ஷூவால், பேர் வாலூ என்னும் இணையர் எழுதிய மார்ட்டின் பெக் தொடரையே இங்குக் கருதுகிறோம்.

முற்பட்ட தொடர்களில் காலம் ஏறத்தாழ அசைவதில்லை எனலாம். ஆர்தர் கானன் டாயில் 1887இல் அறிமுகப்படுத்திய டாக்டர் வாட்சனுக்கு முதற்புதினத்தில் தோளில் குண்டுக்காயம். 1890இல் வெளிவந்த இரண்டாம் புதினத்தில் அது காலுக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. ஹோம்ஸ் அன்பர்கள் இதற்குப் பல சமாதானங்கள் கூறியுள்ளனர். ஆசிரியருக்கோ அது பொருட்டாகத் தோன்றவில்லை போலும். அகதா கிறிஸ்டியின் புவாரோ 1920இலேயே ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. ஆயினும், 1975 வரை அவருடைய நூல்கள் வெளிவந்தன. இவற்றுள் எந்நூலை முதலில் எடுப்பினும் பெரும்பாலும் இழப்பில்லை. நூலின் இறுதியில் குலைந்த ஒழுங்கு மீட்கப்படும் என்பதே வாசகருடன் செய்துகொண்ட உடன்பாடு.

ஷூவாலும் வாலூவும் தொடக்கத்திலேயே பத்து நூல்களையும் ஒரே புதினமாகத் திட்டமிட்டனர். நூலுக்கு 30 இயல்கள், மொத்தம் 300. 'ஒரு குற்றத்தின் கதை' என்பது பொதுத் துணைத்தலைப்பு. குற்றம் புரிந்தது யார் என்னும் வினாவுக்கு இடதுசாரி இதழாளர்களான அவ்விருவர் கருதிய விடை, நலன்புரி அரசு எனப் பெயர்பெற்ற சுவீடனே ஆகும்.

இவ்விடை ஒரே நூலில் கூறத்தக்கதன்று. 1968இல் வெளிவந்த புதினத்தில் பேருந்தில் கொல்லப்படும் இளங்காவலரின் துணைவி, பின்வரும் நூல்களில் தாமே காவல்துறையில் சேர்ந்து பணியாற்றுகிறார். பெக்கின் நெருங்கிய தோழர் கோல்பெரி 1974ஆம் ஆண்டு நூலில் பணியைத் துறக்கிறார். 1971ஆம் ஆண்டு நூலின் முடிவில் சுடப்படும் பெக், 1972இல் வெளிவந்த 'பூட்டிய அறை'யில் ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னரே பணிக்குத் திரும்புகிறார். வாட்சனின் காயத்தைப்போல் இக்காயம் இடம்பெயர்வதில்லை.

'பூட்டிய அறை' தனித்து நோக்கத்தக்கது. உட்புறம் தாழிட்ட அறையில் பிணம் என்னும் பழம்புதிரை ஆசிரியர்கள் வேண்டுமென்றே கையாண்டுள்ளனர். பெக் அப்புதிரை அவிழ்த்தும்விடுகிறார். எனினும் நீதிமன்றம் கொலையாளியை அக்கொலையிலிருந்து விடுவித்து, அவன் செய்யாத வங்கிக்கொள்ளைக் கொலைக்காகத் தண்டிக்கிறது. அறிவு வெல்கிறது, ஒழுங்கு மீளவில்லை. பழைய உடன்பாடு இங்கு முறிகின்றது.

பிந்தைய நூல்கள் சிலவற்றில் அரசியற் கண்டனம் கதையை விஞ்சிவிடுகிறது என்பதையும் கூறவேண்டும். இறுதி நூலில் சுவீடனின் பிரதமர் சுட்டுக்கொல்லப்படுகிறார். 1986இல் பிரதமர் ஓலோப் பால்மே ஸ்டாக்ஹோமில் சுடப்பட்டமையால் அதனை முன்னறிவிப்பு என்போர் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. அரசு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட ஓர் இளந்தாயே அப்புதினத்தில் சுடுபவள். நூலின் ஆற்றல் அவளுடைய கதையிலேயே உள்ளது. அந்நூல் வெளிவந்த 1975ஆம் ஆண்டிலேயே வாலூ மறைந்தார்.

முறிந்த உடன்பாட்டைப் பின்வந்தோர் ஒட்டவைக்க முயலவில்லை. 1991இல் ஹென்னிங் மான்கெல் படைத்த வலாண்டர், இஸ்தாத் என்னும் சிற்றூரில் அகதிகள்மீது வளரும் பகைமையை எதிர்கொண்டவாறு அறிமுகமாகிறார். நூலுக்கு நூல் மூப்படைகிறார்; நீரிழிவும் சேர்கிறது. 2009ஆம் ஆண்டு நூலின் இறுதியில், துப்பறிவாளனின் முதற்கருவியாகிய நினைவாற்றலே அவரை விட்டு நீங்குகிறது.