கத்தி செய்தவனின் வாள் புத்தகம்

ஐரோப்பிய வாள் என்றதும் எமது மனதில் வந்து நிற்பவர் குதிரையேறிய பிரபு. இரும்புச் சட்டை, இறகு செருகிய தலைக்கவசம், பின்னால் ஓர் ஏவலாள். சினிமாவும் அரண்மனை நூதனசாலைகளும் சேர்ந்து தந்த படம் இது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் யேர்மன் நகரங்களில் வாள்வித்தையைப் பழகியும் பழக்கியும் வந்தவர்களில் பெருந்தொகையானோர் கைத்தொழிலாளர்கள். மயிர்த்தோலில் ஆடை தைத்தவர்கள், கத்தி அடித்தவர்கள். பிரபுக்களின் வரலாறு சுவர்களில் தொங்குகிறது. இவர்களுடையது நகரசபைப் பதிவேடுகளில் கிடக்கிறது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஸ்ராஸ்பூர்க் நகருக்கு அண்மையில், ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், பழைய ஐரோப்பிய வாள்வித்தைப் பயிற்சி சனி ஞாயிறு இரு நாட்கள் நடைபெற்றது. சமையலறையில் எம்மோடு நிற்கும் பிரெஞ்சுப் பெடியன் ஒருவனுக்கு இதில் பைத்தியம். றெஸ்ரோறன்ற் வேலைக்காரருக்குச் சனி ஞாயிறு லீவு என்பது எவ்வளவு அருமையானது என்று வாசகர்களில் பாதிப் பேருக்கு விளங்கும். அந்தக் கிழமை குசினி திருத்தவென்று கடை பூட்டியிருந்தது. நாங்கள் இருவர் போனோம்.

கையில் தந்த பயிற்சி வாள் ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருந்தது. (சினிமாக்காரர் சொல்வதுபோலப் பத்துக் கிலோ அல்ல, எமது குசினியின் சோற்றுப் பானை இதைவிடப் பாரம்.) முனை மழுங்கியது, குத்தினால் வளையும். பிடிக்கு மேலே அலகு சற்று அகன்றிருக்கும். இதே வடிவத்தை 1570ஆம் ஆண்டின் மரச்செதுக்குப் படங்களிலும் காணலாம்.

ஆயுதங்களிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு, ஆயுதம் விளையாட்டாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது இலகுவல்ல. எம்மில் ஒருவர் முதல்நாள் முழுவதும் வாளைத் தொடவில்லை. சுவரோரம் வாங்கில் இருந்தார். பயிற்சியாளர் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை வாள்நிலைகளின் பெயர்களைச் சொன்னார்கள்: எருது, கலப்பை, கூரை, முட்டாள். முட்டாள் நிலையில் வாள்முனை நிலத்தை நோக்கித் தொங்கும். தலையும் நெஞ்சும் திறந்து கிடக்கும். எதிரி ஆசைப்பட்டு வருவான் என்பதுதான் அதன் சூட்சுமம். வாங்கில் இருந்தவர் கலப்பைக்கு எழுந்து வந்தார். வன்னியில் வயல் செய்த குடும்பம்.

இவ்வித்தையில் குரு பரம்பரை அறுந்துவிட்டது. இன்று பழகுபவர்கள் எல்லோரும் ஏட்டிலிருந்து மீட்டெடுப்பவர்களே. ஒரு வசனத்தில் வரும் சொல்லுக்கு முன்கால் என்று பொருளா, முன்கை என்று பொருளா என்று அரைமணி நேரம் தர்க்கித்துவிட்டுப் பின்பு இரண்டையும் செய்து பார்த்தார்கள். எங்கள் கிழக்கில் சீனடி, சிலம்படி கற்பித்த அண்ணாவிமாரிடம் நிலைமை பெரும்பாலும் மறுபக்கம்: ஆள் இருந்தார், ஏடு இல்லை.

ஏடுகளில் பழையது லீட்ஸ் நகரின் ஆயுத நூதனசாலையில் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டின் ஆரம்பம், இலத்தீன் மொழி. அதில் வாளும் சிறு கேடயமும் கற்பிப்பவர் ஒரு பாதிரியார். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண்ணும் வாளெடுத்து நிற்கிறாள். பின் வந்த யேர்மன் ஏடுகள் பல லீக்ரனவர் என்ற ஆசானின் ஈரடிப் பாக்களை விளக்குபவை. பிறருக்கு விளங்கக்கூடாதென்றே அவை மறைபொருளில் கட்டப்பட்டன. எமது சித்தர் பரிபாஷை மாதிரி. மல்யுத்தப் பகுதியிலோ ஒற் என்பவரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் ஞானஸ்நானம் பெற்ற யூதர், ஒஸ்ரியப் பிரபுக்களின் மல்யுத்த ஆசான். யூதர்களை நகரம் நகரமாகத் துரத்திய காலம் அது என்பதை இங்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1487இல் மூன்றாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி பிராங்போர்ட்டின் மார்க்குஸ் சகோதரர் சங்கத்துக்குச் சாசனம் வழங்கினார். வாள் ஆசான் பட்டம் வேண்டியவர் அங்கே சந்தைக் காலத்தில் சோதனை கொடுக்க வேண்டும். பொதுப் போட்டிகளுக்கு நகரசபையின் அனுமதி தேவை. குத்துவது தடை, தலையில் இரத்தம் காணவைத்தவனே வென்றவன். விளையாட்டென்றாலும் சாதுவான விளையாட்டல்ல.

யோவாகிம் மேயர் இந்த உலகத்து மனிதர். பாசலில் பிறந்தவர், கத்தி செய்யும் தொழிலாளி. 1560இல் அப்பொலோனியா என்ற விதவையை மணந்தார். அதனாலேயே அன்று யேர்மன் பேரரசின் சுதந்திர நகராயிருந்த ஸ்ராஸ்பூர்க்கில் குடியுரிமை பெற்றார். (கலியாணம் செய்து பதிவெடுப்பது எம்மவர் கண்டுபிடித்த வழியல்ல!) கொல்லர் சங்கத்தில் சேர்ந்தார். வாள்போட்டி நடத்த நகரசபைக்கு மனுப் போட்டார், மறுபடியும் போட்டார். பகலில் கத்தி, மிகுதி நேரத்தில் வாள்.

1570இல் அவரது பெரிய நூல் வெளிவந்தது. நெடுவாள், மரத்தாலும் செய்யப்பட்ட வளைந்த குறுவாள், மெல்வாள், கட்டாரி, கம்பு, ஈட்டி எல்லாவற்றுக்கும் பாடம் உண்டு. எதிரியின் உடலை நான்கு கூறாக்கி, எந்தக் கூறில் தொடங்கி எதற்குப் போவது என்று இலக்கமிட்ட சதுரம் வரைந்திருக்கிறார். அதைத்தான் ஞாயிறு மத்தியானம்வரை நாங்கள் வெட்டிப் பழகினோம். பரம்பரையாய் மறைத்து வைத்ததை ஒரு கத்தித் தொழிலாளி படிப்படியாய், படத்தோடு, அச்சில் போட்டுவிட்டார். அந்த ஏடுகளிலெல்லாம் எமக்கு மிகப் பிடித்தது இந்தத் துணிச்சல்தான்.

மரச்செதுக்குப் படங்களுக்குப் பெரும் செலவு. மேயர் கடன்பட்டார். (சஞ்சிகை நடத்துபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) கடனைத் தீர்க்க வடக்கே மெக்லென்பூர்க் பிரபுவிடம் வாள் ஆசான் வேலை தேடிக்கொண்டார். புத்தகங்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, 1571 ஜனவரியில், நடுமாரியில், ஸ்வெரீன் நோக்கிப் புறப்பட்டார். பெப்ரவரி 10இல் போய்ச் சேர்ந்தவர் 24இல் இறந்துபோனார். முப்பது வயது சொச்சம்.

கடன் ஸ்ராஸ்பூர்க்கில், மனைவியின் தலையில். அவளுக்காக அன்ரோன் றூல்மான் என்பவர் அந்தப் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார்: மேயர் கொண்டுவந்த சாமான்களையும் புத்தகங்களையும் திருப்பித் தரும்படி. நூல் மீண்டும் அச்சேறியது 1600இல், அவுக்ஸ்பூர்க் நகரில்.