ஒரு டஜனுக்கும் குறைவான இணையதளங்கள்: எவ்வளவு பெரிய தாக்குதல்?

இணையதளங்கள் வழியாக ஐஃபோன்களுக்குள் புகுந்த உளவு மென்பொருள் தொடர்பாக, 2019ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்துக்கும் ஆப்பிள் நிறுவனத்துக்கும் இடையே ஒரு சர்ச்சை எழுந்தது. தாக்குதல் நடந்தது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அது எவ்வளவு பாரதூரமானது என்பதில்தான் முரண்பாடு. அந்தக் கேள்வி மீது பின்னர் வெளிச்சம் பாய்ச்சிய ஆய்வு ஒன்று கனடாவின் டொரொண்டோ நகரிலிருந்து வந்தது.

கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழு அந்த ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி தனது கண்டுபிடிப்பை வெளியிட்டது. ஊடுருவப்பட்ட சில இணையதளங்களுக்கு ஒருவர் சென்றாலே போதும். எதையும் தரவிறக்காமலேயே அவரது ஐஃபோனில் உளவு மென்பொருள் குடியேறிவிடும். இதற்காக ஐந்து வெவ்வேறு வழிகளில் 14 பாதுகாப்புக் குறைபாடுகள் பயன்படுத்தப்பட்டிருந்தன. வாட்ஸ்அப் செய்திகள், புகைப்படங்கள், தொடர்பு எண்கள், ஆள் இருக்கும் இடம் என அனைத்தும் தாக்குதலாளிகளுக்குச் சென்றன. அந்தத் தளங்களுக்கு வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து சென்றதாகவும், இம்முயற்சி குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்ததாகவும் கூகுள் மதிப்பிட்டது.

செப்டம்பர் 6ஆம் தேதி ஆப்பிள் மறுப்பு வெளியிட்டது. பாதிக்கப்பட்டவை ஒரு டஜனுக்கும் குறைவான தளங்களே என்றும், அவை உய்குர் சமூகம் தொடர்பானவை என்றும், தாக்குதல் ஏறத்தாழ இரண்டு மாதங்களே செயல்பாட்டில் இருந்ததென்றும் அது கூறியது. உலகெங்கும் உள்ள ஐஃபோன் பாவனையாளர்கள் அனைவரையும் கூகுள் வீணாக அச்சுறுத்திவிட்டது என்பது அதன் குறை. குறைபாடுகள் பிப்ரவரி 7ஆம் தேதியே சரிசெய்யப்பட்டுவிட்டதையும் அது நினைவூட்டியது. கூகுள் தனது ஆய்வில் உறுதியாக நின்றது.

ஆப்பிளின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குறிவைக்கப்பட்ட சமூகம் எது என்பதை கூகுள் தனது அறிக்கையில் சொல்லவில்லை. ஆகவே ஐஃபோன் வைத்திருந்த எவரும் தாமும் சிக்கியிருக்கலாம் என்று எண்ண இடமிருந்தது. ஆனால் ஒரு டஜனுக்கும் குறைவு என்ற எண்ணிக்கையை ஆறுதலாக முன்வைத்ததுதான் வியப்புக்குரியது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்த உய்குர் மக்கள் தமது ஊர் நிலவரத்தை அறிய நாடும் தளங்கள் எத்தனை இருக்கும்? தாயகச் செய்திக்காக நாள்தோறும் அதே நான்கைந்து தளங்களைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ள புலம்பெயர் தமிழர்களுக்கு இது நன்கு புரியும். அந்த நான்கைந்தும் நஞ்சூட்டப்பட்டால், தப்பிப்பவர் சிலரே. பதினாயிரம் வணிகத் தளங்களில் பரவும் தீங்குநிரல், அவற்றுக்கு வருவோரின் கடன் அட்டை எண்ணைத் தேடும். இதுவோ, யார் யாருடன் பேசுகிறார்கள் என்பதைத் தேடியது. ஊரில் உறவினர் தடுப்பு முகாமில் இருக்கும் ஒருவருக்கு அந்த வேறுபாடு சிறியதல்ல.

டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியர் ரொனால்ட் டீபர்ட் 2001ஆம் ஆண்டு நிறுவிய சிட்டிசன் லாப் ஆய்வகம், அதே செப்டம்பர் மாதம் தனது அறிக்கையை வெளியிட்டது. 2018 நவம்பருக்கும் 2019 மே மாதத்துக்கும் இடையில் தலாய் லாமாவின் தனி அலுவலகம், மத்திய திபெத்திய நிர்வாகம், நாடுகடந்த திபெத்திய நாடாளுமன்றம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களுக்கு வாட்ஸ்அப் வழியாக இணைப்புகள் வந்திருந்தன. அனுப்பியவர்கள் செய்தியாளர்களாகவும் தொண்டு நிறுவன ஊழியர்களாகவும் நடித்து, பொறுமையாக உரையாடி நம்பிக்கை பெற்ற பிறகே இணைப்பைக் கொடுத்தனர். அதில் இருந்த ஐஃபோன் உளவு மென்பொருள், கூகுள் விவரித்ததைப் பெரிதும் ஒத்திருந்தது. அதாவது, உய்குர் தளங்களோடு விவகாரம் முடிந்துவிடவில்லை. அதே வகைக் கருவி மற்றொரு சமூகத்தின் மீதும் திருப்பப்பட்டிருந்தது.

எண்ணிக்கையை மட்டும் வைத்து இத்தகைய தாக்குதல்களை எடைபோட முடியாது என்பதற்கு இந்த ஆய்வகத்திடம் முன்னுதாரணம் உண்டு. 2009 மார்ச்சில் அது பங்கேற்று வெளியிட்ட கோஸ்ட்நெட் அறிக்கை, 103 நாடுகளில் 1,295 கணினிகள் ஊடுருவப்பட்டதைக் காட்டியது. அப்போது கான்ஃபிக்கர் என்ற நச்சுநிரல் பல லட்சம் கணினிகளைத் தொற்றி உலகச் செய்தியாகியிருந்தது. அதனருகே 1,295 அற்பமாகத் தோன்றும். ஆனால் அவற்றில் ஏறக்குறைய 30 சதவீதம் அமைச்சகங்கள், தூதரகங்கள் போன்ற முக்கிய இடங்களில் இருந்தன. இந்தியத் தூதரகங்களும் அவற்றில் அடங்கும்.

தாக்கியவர் யார் என்பதில் டொரொண்டோ ஆய்வாளர்கள் எச்சரிக்கையாகவே எழுதிவந்துள்ளனர். கோஸ்ட்நெட்டின் கட்டுப்பாட்டுக் கணினிகள் பெரும்பாலும் சீனாவில் இருந்தபோதிலும், அதை வைத்து மட்டும் அரசைக் குற்றஞ்சாட்ட முடியாது என்றே அந்த அறிக்கை கூறியது. சீனாவும் இத்தகைய குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்துள்ளது.

2021 மார்ச்சில் பேஸ்புக் நிறுவனம், உய்குர் மக்களைக் குறிவைத்த சீனாவிலுள்ள ஒரு குழுவின் கணக்குகளை முடக்கியது. துருக்கி, கஜகஸ்தான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா உள்ளிட்ட நாடுகளில் வாழ்ந்த செயற்பாட்டாளர்களும் செய்தியாளர்களும் இலக்காகியிருந்தனர். அவர்களின் எண்ணிக்கை 500க்கும் குறைவு என்று அது அறிவித்து, அவர்களுக்குத் தகவலும் அனுப்பியது. 2019இல் அந்தத் தளங்களுக்குச் சென்றவர்களின் நிலை வேறு. ஐஃபோனை அணைத்து மீண்டும் இயக்கினால் அந்த உளவு மென்பொருள் மறைந்துவிடும். அதற்குள் அது அனுப்பிவிட்ட முகவரிகளும் கடவுச்சொற்களும் மட்டும் எவர் கையிலோ இருக்கும்.