35 சொற்களுக்கு இத்தனை மேளதாளமா?

அமெரிக்க அதிபர் பதவியேற்பு வரும்போதெல்லாம் ஒரு வாதம் கிளம்பும். "இத்தனை ஆடம்பரம் எதற்கு?" என்பார் ஒருவர். "நாட்டின் தலைவர் பதவியேற்கிறார், கொஞ்சம் கம்பீரம் வேண்டாமா?" என்பார் இன்னொருவர். வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போதும் என் மாணவர்கள் இப்படித்தான் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "இந்தச் சண்டைக்கு வயது இருநூறுக்கு மேல், மெதுவாகப் பேசுங்கள்" என்பேன்.

அந்நாட்டு அரசியல் சாசனம் கேட்பது 35 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஓர் உறுதிமொழியை மட்டுமே. ஊர்வலம், விருந்து, நடனம் எல்லாம் வழக்கத்தில் வந்து சேர்ந்தவை.

1789-இல் முதல் அதிபரை எப்படி அழைப்பது என்பதிலேயே தகராறு. துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் அரசருக்குரியது போன்ற பட்டம் வேண்டும் என்றார். பிரதிநிதிகள் சபையோ வெறும் 'அதிபர்' போதும் என்று நின்றது. வாஷிங்டன் உள்நாட்டில் நெய்த பழுப்புத் துணியில் உடை அணிந்து வந்தார். காலில் வெண்பட்டு உறை, இடுப்பில் வாள். எளிமையும் கம்பீரமும் ஒரே ஆளிடம்!

1829-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் பதவியேற்றபோது சாதாரண மக்கள் வெள்ளை மாளிகைக்குள் திரண்டார்கள். நெரிசலில் பீங்கான் பாத்திரங்கள் உடைந்தன. அதிபரே நழுவி வெளியேற வேண்டியதாயிற்று. ஆதரவாளர்கள் இதை மக்களாட்சி என்றார்கள். எதிரிகள் கும்பலாட்சி என்றார்கள்.

1977-இல் ஜிம்மி கார்ட்டர் காரை விட்டு இறங்கி, மனைவியோடு வெள்ளை மாளிகைக்கு நடந்தே போனார். மக்கள் மகிழ்ந்தார்கள். அவருடைய எளிமை நீடித்தபோது, பதவியின் மதிப்பே குறைகிறது என்ற முணுமுணுப்பும் எழுந்தது. 1981-இல் ரீகன் விழாவைப் பிரமாதமாக நடத்தினார். விலைவாசி ஏறிக்கிடக்கும்போது இந்தக் கொண்டாட்டமா என்று அதற்கும் கண்டனம் வந்தது. தலைவர் நம்மைப் போலவும் இருக்க வேண்டும், நம்மைவிட உயர்ந்தும் தெரிய வேண்டும். மக்கள் மனம் அப்படி.

என்னைக் கேட்டால், அந்த விழாவில் விடாமல் காக்க வேண்டியது ஒன்றுதான்: பதவியை விட்டுப் போகிறவருக்குப் போடும் நாற்காலி. 1933-இல் தோற்ற ஹூவரும் வென்ற ரூஸ்வெல்ட்டும் ஒரே காரில் விழாவுக்குப் போனார்கள். ஹூவர் முகத்தில் சிரிப்பில்லை, பேச்சும் அதிகமில்லை. ஆனாலும் போனார். தோல்வியை ஊரறிய ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் அந்தச் சடங்கின் வேலை.

1801-இல் ஜெஃபர்சன் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்தே வந்து பதவியேற்றார். எளிமை என்று இன்றும் புகழ்கிறோம். அவரிடம் தோற்ற ஆடம்ஸ் அன்று விடியுமுன்பே தலைநகரைவிட்டுப் போய்விட்டதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் ஆட்சி சண்டையின்றிக் கைமாறியது.

2021-இல் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டு இரண்டே வாரத்தில் பைடன் அங்கேயே உறுதிமொழி எடுத்தார். கொரோனா காலம், மக்கள் நிற்க வேண்டிய வெளியில் கொடிகளை நட்டிருந்தார்கள். சுற்றிலும் சுமார் 25,000 படைவீரர்கள். முந்தைய அதிபர் டிரம்ப் வரவில்லை. கூட்டமோ நடனமோ இல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. அந்த ஒரு நாற்காலி காலியாக இருந்ததுதான் உறுத்தியது.

விழாச் செலவைப் பற்றி வாதாடுவோம், தவறில்லை. கூடவே, தோற்றவர் வந்திருக்கிறாரா என்றும் பார்ப்போம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்.