நூலே படி: திண்ணைக் கல்வியில் பாட அடைவு

ஒரு மாணவனின் கல்வி நிலையை இன்று வகுப்பின் எண்ணால் சுட்டுகின்றோம். அவ்வெண், பெரும்பான்மையும், அவன் அகவையோடு ஒட்டி வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்நாட்டில் இவ்வழக்கு இல்லை. மாணவன் எந்த நூலை முடித்தான், எந்த நூலைத் தொடங்கினான் என்பதே அவன் நிலையைக் காட்டிற்று. பத்து அகவைச் சிறுவன் நிகண்டு படிக்கலாம். அவனை விட மூத்தவன் அரிச்சுவடியில் நிற்கலாம். இருவரும் ஒரே திண்ணையில் ஒரே ஆசிரியர் முன் அமர்ந்திருந்தனர்.

வகுப்பு என்னும் பகுப்பே இல்லாத இக்கல்வியில், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்பது எவ்வாறு முடிவு செய்யப்பட்டது? அதற்கு ஒரு முறை இருந்ததா? இருந்ததாயின் அதன் நன்மை யாது, குறை யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வீடும் திண்ணையும்

அக்காலக் கல்வியின் அளவை அறியத் துணைசெய்யும் முதன்மையான சான்று, சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த கல்விக் கணக்கெடுப்பாகும். மாவட்ட ஆட்சியர்கள் விடுத்த அறிக்கைகளைத் தொகுத்து, 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். சென்னை மாநிலத்தில் அப்பொழுது 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், மக்கள் தொகை 1,28,50,941 என்றும் அக்குறிப்பால் அறிகின்றோம்.

நமக்கு இங்குப் பெரிதும் பயன்படுவது அதே குறிப்பிலுள்ள மற்றொரு செய்தி. சென்னை நகரில் வீட்டிலேயே கல்வி பெற்ற பிள்ளைகள் 26,000க்கு மேற்பட்டவர் என்றும், இது பள்ளியிற் பயின்றோர் தொகையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும் கணக்கு வந்திருந்தது. இத்தொகை மிகையாய் இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும் வீட்டுக் கல்வி பரவலாக இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. பிற மாவட்டங்களிலிருந்து இத்தகைய கணக்கு வாராமையால், கற்றோர் அளவைச் சற்றுக் கூட்டியே மதிக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

வீட்டுக் கல்வி, திண்ணைக் கல்வி என்று இரண்டாகப் பிரித்துக் கூறினும், இவற்றிடையே உள்ள எல்லைக்கோடு மெல்லியது. வசதியுடையார் ஒருவர் தம் மக்களுக்காக ஆசிரியரை அமர்த்துவார். பாடம் அவர் வீட்டுத் திண்ணையில் நடைபெறும். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்வர். வீட்டுக் கல்வியாய்த் தொடங்கியது இவ்வாறு பள்ளியாய் வளர்வதுண்டு. ஆதலின் பாட அடைவைப் பொறுத்தவரை இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் பொருந்தும்.

2. இலக்கிய நூல்களின் அடைவு

மணலில் விரலால் எழுத்து வரைந்து பழகுதல் முதற்படி. அடுத்து அரிச்சுவடி, அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி முதலிய நீதிநூல்கள், அவற்றின் மேல் சதகங்கள், பின்னர் நிகண்டு, அதன்மேல் நைடதம் போன்ற காப்பியங்களும் நன்னூல் முதலிய இலக்கணங்களும் வரும். ஊருக்கு ஊர் இவ்வரிசை சிறிது வேறுபடினும் பொதுப்போக்கு இதுவே.

நீதியைப் புகட்டுதற்காகவே இந்நூல்கள் முதலில் வைக்கப்பட்டன என்று கூறுவது வழக்கம். அது மெய்யே, எனினும் முழுக் காரணம் அன்று. நீதி ஒன்றே கருத்தாயின் ஆத்திசூடிக்கு முன் நல்வழியை வைத்தாலும் குற்றமில்லை. அவ்வாறு வையாமைக்குக் காரணம் நூலின் யாப்பமைதியில் உள்ளது. ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்தது. அதன் அடிகள் பெரும்பாலும் இரு சீரளவின. ஆகவே அரிச்சுவடியில் எழுத்தின் வரிசையைக் கற்ற பிள்ளைக்கு அதே வரிசை இங்குச் சொற்களோடு மீண்டும் வருகின்றது. கொன்றைவேந்தனும் அகரவரிசையினதே, ஆனால் அடி நாற்சீராய் நீள்கின்றது. மூதுரைக்கும் நல்வழிக்கும் வரும்பொழுது அகரவரிசை என்னும் கைத்தடி நீக்கப்படுகின்றது. நான்கடி வெண்பா முழுதும் ஓர் அலகாகின்றது. முன்னதில் 30 வெண்பாக்களும் பின்னதில் 40 வெண்பாக்களும் உள்ளன. சதகத்தில் செய்யுள் இன்னும் நீண்டு விருத்தமாகின்றது.

எழுத்து, சொல், அடி, செய்யுள் என நினைவின் அலகு படிப்படியாய் வளர்வதை இவ்வரிசையிற் காண்கின்றோம். நூல்களை இயற்றிய புலவர்கள் இவ்வரிசையை எண்ணி இயற்றினர் என்று நாம் கூறவில்லை. பல காலத்தில் பலர் இயற்றிய நூல்களைக் கற்பித்தோர் தம் பட்டறிவால் இவ்வாறு கோத்தனர் எனக் கொள்வதே பொருந்தும். அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கை தொடக்கப் படியிலும், அவரே இயற்றிய நைடதம் உயர்படியிலும் இடம் பெற்றமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆசிரியர் பெயரோ நூலின் பெருமையோ நூலுக்குரிய இடத்தை உறுதி செய்யவில்லை. பயில்வோன் ஆற்றலே உறுதி செய்தது.

நிகண்டும் இவ்வகையில் நோக்கத்தக்கது. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. ஒரு சொற் பல்பொருள் கூறும் பதினோராம் தொகுதி எதுகை முறையில் அமைந்திருப்பது மனப்பாடத்திற்கு ஏற்ற அமைப்பாகும். அகராதியைத் தேடிப் புரட்டும் வாய்ப்பில்லாத காலத்தில், காப்பியம் புகுவோன் அகராதியை நெஞ்சிலேயே சுமந்து சென்றான்.

3. கணக்கின் அடைவு

எண்சுவடி இதனோடு இணையாக நடந்த மற்றொரு வரிசை. பொன்னிலக்கத்தில் முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கிலிருந்து கணக்கு தொடங்கும். முந்திரி இரண்டு சேரின் அரைக்காணி. அரைக்காணி இரண்டு காணி. காணி இரண்டு அரைமா. அரைமா இரண்டு மா. மா என்பது 20இல் ஒரு பங்கு. நெல்லிலக்கத்தில் ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு நாழி, நாழி எட்டு குறுணி, குறுணி இரண்டு பதக்கு, பதக்கு இரண்டு தூணி, தூணி மூன்று கலம் என ஏறிச் செல்லும். நிலத்தின் பரப்பைக் கணிக்கும் குழிமாற்று இவற்றின் பின் வருவது.

இலக்கிய அடைவுக்கும் கணக்கின் அடைவுக்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. கணக்கில் ஒவ்வொரு படியும் அப்பொழுதே பயன் தருவது. நெல்லிலக்கம் முடித்துப் படிப்பை விட்டவன் களத்து மேட்டில் ஏமாறமாட்டான். இலக்கியத்திலோ பயன் பின்னரே வருவது. மூதுரையை மனப்பாடம் செய்தவனுக்கு அதன் பொருள், நிகண்டும் இலக்கணமும் கற்ற பின்னரே முழுதும் விளங்கும். இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டால், இக்கல்வியைப் பற்றி எழுந்த கண்டனத்தைச் சரிவர மதிப்பிடலாம்.

4. பல நிலையினர் ஓரிடத்தில்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடமாயின் ஓர் ஆசிரியர் எவ்வாறு கற்பித்தார் என்னும் ஐயம் எழும். முன்னேறிய மாணவரைக் கொண்டு ஏனையோருக்குக் கற்பித்ததே விடை. அவர்களுள் தலைமையானவன் சட்டாம்பிள்ளை. ஆசிரியர் உயர்நிலையினருக்குப் பாடஞ் சொல்ல, அவர்கள் கீழ்நிலையினருக்கு முறை வைப்பர்.

இஃது ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் உத்தி மட்டும் அன்று. கற்றது நிலைபெறும் வழிகளை நன்னூற் பொதுப்பாயிரம் விரித்துரைக்கின்றது. ஆசிரியரிடம் கேட்பதாலும், உடன் பயில்வோரோடு பழகுவதாலும் ஒவ்வொரு காற்பங்கே நிரம்பும் என்றும், எஞ்சிய பாதி பிறர்க்கு உரைப்பதால் நிரம்பும் என்றும் பவணந்தியார் கருதினார். மாணவனின் கொள்ளும் ஆற்றலை அறிந்து கற்பித்தல் ஆசிரியர் கடன் என்பதும் அவர் வகுத்த இலக்கணமே.

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். தம் பட்டறிவை 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை சென்னை முறை என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவியது.

5. தேர்ந்தவர் யார்?

பொது வரிசை ஒன்றாயினும், ஒரு பிள்ளை எதுவரை செல்வது, யாரிடம் செல்வது என்பன பெற்றோரின் தேர்வு. இதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் இளமை வரலாறு சிறந்த சான்று. 1855ஆம் ஆண்டிற் பிறந்த அவர்தம் கல்விப் பயணத்தை ‘என் சரித்திரம்’ விரிவாகக் கூறுகின்றது. அரியலூரில் சடகோப ஐயங்கார் அவருக்குத் தமிழ்ச்சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் பாடங் கேட்டார். ஒரு நூலுக்கு ஓர் ஊர் என்று கூறலாம் போல் இருக்கின்றது இவ்வரலாறு. இசைவல்லுநராகிய தந்தையார் வேங்கடசுப்பையர் மைந்தன் இசையிற் சிறத்தலையே பெரிதும் விரும்பினார். எனினும் அவன் நாட்டம் தமிழிற் செல்வதைக் கண்டு, அதற்கு ஏற்ற ஆசிரியரைத் தேடிக் குடும்பத்தோடு ஊர் மாறினார்.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த பொழுதும் இம்முறையே தொடர்ந்தது. புதிய மாணவர் முதலில் மூத்த மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடங் கேட்குமாறு செய்யப்பட்டார். பின்னர் மகாவித்துவானே அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலிய சிற்றிலக்கியங்களைக் கற்பித்தார். தேர்வுத்தாளோ ஆண்டு முடிவோ இங்கு இல்லை. மாணவர் பாடல் சொல்லும் திறமும் பொருள் கொள்ளும் திறமுமே அடுத்த நூலுக்கு வாயிலாயின.

6. அச்சும் வகுப்பும்

யாழ்ப்பாணத்தில் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணைச் சைவப் பள்ளியை நிறுவிய ஆறுமுக நாவலர், பழைய அடைவுக்கும் புதிய வகுப்புமுறைக்கும் இடையே ஒரு பாலம் அமைத்தார் எனலாம். அவர் எழுதிய பாலபாடங்கள், படி எண் பெற்றுத் தொடர்ந்து செல்லும் உரைநடைப் பாடநூல்கள். எழுத்திலிருந்து சிறு வாக்கியத்திற்கும், அதிலிருந்து நீண்ட அறவுரைக்கும் அவை மாணவனை இட்டுச் செல்கின்றன. அதே நாவலர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றுக்கு எளிய உரையும் வரைந்தார். பழைய நூல் நீங்கவில்லை. அதன் பொருள் முதற்படியிலேயே மாணவனுக்கு எட்டிற்று.

1854ஆம் ஆண்டின் கல்வி ஆணைமடலுக்குப் பின், அரசின் நன்கொடை பள்ளிகளை நாடி வந்தது. மாணவரின் தேர்ச்சிக்கேற்ப நன்கொடை அளிக்கும் விதிகள் சென்னை மாநிலத்திலும் புகுந்தன. மேற்பார்வையாளர் வந்து, ஒவ்வொரு மாணவனையும் அவனுக்கு வகுத்த வகுப்பளவில் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஆராய்ந்தார். திண்ணைப் பள்ளிகள் பலவும் நன்கொடையை வேண்டி இவ்வளவைக்குள் வந்தன. நூல் அளந்த நிலையை இனி ஆண்டு அளக்கலாயிற்று.

7. மதிப்பீடு

பழைய முறையைப் புகழ்ந்து அமைதல் ஆராய்ச்சி ஆகாது. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் 1823ஆம் ஆண்டின் அறிக்கையில் சட்டாம்பிள்ளை முறையையும் கல்வியின் சிக்கனத்தையும் பாராட்டினார். ஆயின் பிள்ளைகள் பொருளறியாமல் செய்யுட்களைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கின்றனர் என்று குறை கூறினார். தெலுங்கும் கன்னடமும் வழங்கும் பகுதியைப் பற்றியதாயினும் இக்கண்டனம் தமிழ்த் திண்ணைக்கும் பொருந்தும். மனப்பாடத்தையே ஒரு கற்றல்நெறியாகக் காணவேண்டும் என்று, திண்ணைக் கணக்கை முன்வைத்து, செந்தில் பாபு 2007ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். கணக்கைப் பொறுத்தவரை அவர் கருத்து வலிமையுடையது என்பதை முன்னர்க் கண்ட படிமுறையே காட்டும்.

இலக்கியத்தைப் பொறுத்து நாம் கொள்ளும் முடிவு சிறிது வேறானது. அவ்வடைவு இறுதிவரை செல்பவனுக்காக வகுக்கப்பட்டது. சாமிநாதையர் போன்றார்க்கு, நெஞ்சில் கிடந்த செய்யுள் உரிய காலத்தில் பொருளாய் மலர்ந்தது. உழவுக்கோ கடைக்கோ இடையிற் சென்றுவிட்ட பிள்ளைக்கு அது மலராமலே போயிற்று. இடையில் நின்றவரே பலர் ஆதலின் இக்குறையைச் சிறிதென ஒதுக்க இயலாது. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. பெண்மக்களுள் மிகச் சிலரே இக்கல்வியைப் பெற்றனர். தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. அகவை பார்க்காத கல்வி பிறப்பைப் பார்த்தது. வகுப்பும் ஆண்டும் வகுத்த பொதுப்பள்ளி, அவ்வாயிலைத் திறந்த அளவிற்கு, நாம் போற்றுதற்கு உரியதே.

இவற்றைக் கூட்டியும் கழித்தும் நோக்கின், திண்ணைக் கல்வி ஒழுங்கற்றது என்னும் கூற்று நிலைபெறாது. அதன் ஒழுங்கு ஆண்டில் இல்லை, நூலில் இருந்தது. இன்றும் தம் மக்களுக்கு வீட்டிலேயே கற்பிக்க முற்படுவோர், மூத்த பிள்ளைக்கு எது, இளைய பிள்ளைக்கு எது என்று பாடம் தேர்கையில், இவ்வரலாறு இரண்டு வினாக்களை முன்வைக்கின்றது. அடுத்த படிக்கு ஏறுமுன் இந்தப் பிள்ளையிடம் எது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. இந்தப் படியோடு கல்வி நின்றுவிடினும் அவன் கையில் எது எஞ்சும் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குத் திண்ணையின் இலக்கிய அடைவு விடை கண்டது. இரண்டாவதற்கு அதன் எண்சுவடி விடை கண்டது. இரண்டையும் ஒரே பாடத்தில் இணைக்கும் பணியை, நாவலர் நீதிநூல்களுக்கு வரைந்த உரைகள் தொடங்கிவைத்தன.