மைதானம் யாருடையது?

ஓர் ஆட்டம் ஆடுவதற்கு என்னென்ன வேண்டும்? பந்து வேண்டும், மட்டை வேண்டும், சேர்ந்து ஆட நாலு பேர் வேண்டும், பார்த்துக் கைதட்ட இன்னும் நாலு பேர் இருந்தால் விசேஷம். இவற்றையெல்லாம் எப்படியாவது சம்பாதித்துவிடலாம். மட்டைக்குப் பணம் இல்லையென்றால் தென்னை மட்டை இருக்கிறது. பந்துக்குக் கந்தல் துணி போதும். ஆள் குறைந்தால் தெருவில் போகிற பையனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் இடம் ஒன்றுக்கு மட்டும் மாற்றுச் சரக்கு கிடையாது. இடம் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

ஆகையால் உலகத்தில் எந்தப் புது ஆட்டம் பிறந்தாலும், அது முதலில் செய்கிற காரியம் மனுப் போடுவதுதான். அமெரிக்காவில் 1965-ல் பிக்கிள்பால் என்று ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று அது அங்கே ஊர் ஊராகப் பரவி, பூங்காக்களில் டென்னிஸ்காரர்களோடு இடத்துக்காக மல்லுக்கு நிற்கிறது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பூங்காவும் மைதானமும் பொதுச் சொத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். புதிதாக ஒருவன் வந்து, “எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்” என்று கேட்கிறபோதுதான், அது உண்மையில் யாருடைய சொத்து என்பது தெரியவருகிறது.

நம் தேசத்திலே இப்படி ஒரு வழக்கு நடந்தது. அந்தக் காலத்தில் புது ஆட்டமாக வந்து இடம் கேட்டது எது தெரியுமா? கிரிக்கெட்! இன்று சந்து பொந்துகளையெல்லாம் தன் ராஜ்யமாக்கிக்கொண்டிருக்கும் கிரிக்கெட், ஒரு காலத்தில் பம்பாய் நகரத்தில் ஒரு துண்டுப் புல்தரைக்காகக் கைகட்டி நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பம்பாய்க் கோட்டைக்கு வெளியே எஸ்பிளனேடு என்று ஒரு பெரிய வெட்டவெளி இருந்தது. ஜனங்கள் காற்று வாங்கட்டும் என்ற நல்லெண்ணத்தால் அதை விட்டு வைத்திருக்கவில்லை. எதிரி வந்தால் கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவதற்குக் குறுக்கே ஒன்றும் இருக்கக் கூடாது என்பதற்காக வைத்திருந்தார்கள். எதிரி வரவில்லை. 1860-களில் கோட்டைச் சுவரையே இடித்துத் தள்ளினார்கள். அந்த வெளியின் மிச்சங்கள்தான் இன்று ஆசாத் மைதானம், கிராஸ் மைதானம், ஓவல் மைதானம் என்று தனித்தனிப் பெயர்களோடு மும்பையில் இருக்கின்றன. பீரங்கிக் குண்டுக்காக ஒதுக்கிய இடம் கடைசியில் கிரிக்கெட் பந்துக்குப் பயன்பட்டது என்றால், சரித்திரத்துக்கும் சில சமயம் நல்ல புத்தி வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வெளியில் ஆங்கிலச் சிப்பாய்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்சிப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய குடையை மட்டையாக வைத்துக்கொண்டு, கந்தலை அடைத்துத் தைத்த பந்தை உருட்டி, தாங்களும் ஆட ஆரம்பித்தார்கள். 1848-ல் ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் என்று ஒரு சங்கமே ஏற்படுத்திவிட்டார்கள். இந்தியர்கள் நடத்திய முதல் கிரிக்கெட் சங்கம் அதுதான். பிறகு சங்கங்கள் பெருகின. 1866-ல் ஹிந்துக்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சாயங்காலம் ஆனால் எஸ்பிளனேடில் எங்கே பார்த்தாலும் மட்டையும் பந்துமாக இருந்தது.

1875-ல் துரைமார்கள் பம்பாய் ஜிம்கானாவை ஆரம்பித்தார்கள். மைதானத்தின் ஓரத்திலே அவர்களுக்கென்று நல்ல இடமாக ஒதுக்கி வேலி போட்டுக்கொண்டார்கள். உள்ளே இந்தியர் எவரும் அங்கத்தினராக முடியாது. போகட்டும், வேலிக்கு வெளியே மிச்சம் இருந்த மைதானத்தில் நம்மவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தொல்லை அதற்கும் வந்தது. ஜிம்கானாவைச் சேர்ந்தவர்கள் போலோ ஆடுவதற்கு வேலிக்கு வெளியே வந்துவிட்டார்கள்!

ஏன் தங்கள் வேலிக்குள்ளேயே ஆடக் கூடாது? அங்கே அவர்களுடைய கிரிக்கெட் தரை இருந்தது. போலோக் குதிரைகளின் குளம்பு பட்டால் புல்தரை என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சொந்தத் தரையைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, ஊரார் தரையில் குதிரையை ஓட்டினார்கள். வாரத்தில் இரண்டொரு நாள் போலோ. மற்ற நாட்களில் அந்தக் குண்டு குழிகளில் நம்மவர்களுடைய கிரிக்கெட். குளம்புப் பள்ளத்தில் விழுந்த பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று போட்டவனுக்கும் தெரியாது, அடிக்கிறவனுக்கும் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை ரசிக்காமல் என்னால் மேலே போக முடியவில்லை. போலோ எங்கிருந்து வந்தது? மணிப்பூரிலிருந்து. அங்கே ஜனங்கள் ஆடி வந்ததைப் பார்த்து, அஸ்ஸாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரைமார்களும் ராணுவ அதிகாரிகளும் கற்றுக்கொண்டு 1859-ல் சில்சாரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆக, பம்பாய் மைதானத்தில் நடந்தது என்ன? இந்திய ஆட்டத்தை ஆடிய ஆங்கிலேயர்கள், ஆங்கில ஆட்டத்தை ஆடிய இந்தியர்களைத் துரத்தினார்கள். நாவலில் இப்படி எழுதினால், “ரொம்பவும் ஜோடனையாக இருக்கிறதே!” என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.

1881-ல் கிரிக்கெட்காரர்கள் சர்க்காருக்கு ஒரு மகஜர் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். அப்போது பம்பாய் கவர்னர் சர் ஜேம்ஸ் பெர்குசன். இந்த வழக்கில் முன்னே நின்றவர்களில் ஷாபூர்ஜி சொராப்ஜி என்ற பார்சிக் கனவான் ஒருவர். 1897-ல் அவர் பார்சிகளின் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு சரித்திரமே எழுதி, அதில் இந்தப் போலோச் சண்டைக்கு ஒரு பெரிய பாகத்தை ஒதுக்கியிருக்கிறார். பந்தயங்களில் எடுத்த ஓட்டங்களைவிட மனுவில் பட்ட பாடு அவர் மனசில் ஆழமாகப் பதிந்திருந்தது போலும்.

அந்த மகஜரின் வாதம் மிகவும் எளிமையானது. துரைமார்களைத் திட்டவில்லை. மைதானம் எங்கள் பாட்டன் சொத்து என்று வீறாப்புப் பேசவில்லை. கணக்குத்தான் சொன்னார்கள். போலோ ஆடுகிறவர்கள் ஒரு கைவிரல்களிலும் மறு கைவிரல்களிலும் அடங்குவார்கள்; கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். போலோவுக்கு வேறு இடம் பார்க்கலாம்; கிரிக்கெட் பையன்களுக்கு இதைவிட்டால் போக்கிடம் கிடையாது. பலருக்குப் பயன்படுகிற பொது இடத்தைச் சிலருக்காகப் பாழாக்கலாமா?

1882-ல் சர்க்கார் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டது. போலோ வேறு இடத்துக்குப் போகட்டும் என்று உத்தரவாயிற்று. மைதானத்தில் எவ்வளவு குதூகலம் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஜிம்கானாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் எழுதினார்கள். அவர்களுடைய எழுத்து சர்க்கார் காதில் சற்று எளிதாகவே ஏறியது. எழுதுகிறவரும் கேட்கிறவரும் சாயங்காலத்தில் ஒரே வராந்தாவில் உட்காருகிறவர்கள் அல்லவா? 1883-ல் பழைய உத்தரவு ரத்தாகி, குதிரைகள் திரும்பி வந்தன.

நியாயம் தோற்றுவிட்டது என்று இங்கேயே கதையை முடித்துவிடலாம். ஆனால் எனக்கு இதற்குப் பின் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. இல்லையென்று சொல்வது சர்க்காருக்கு ஒரு வழி. வேறு விதமாகக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி முதலாவதைவிட நீண்ட நாள் வேலை செய்யும்.

1885-ல் பார்சிகள் தங்களுக்கென்று ஒரு ஜிம்கானா அமைத்தார்கள். 1887-ல் அதற்குக் கடற்கரையை ஒட்டி, இன்று மெரின் டிரைவ் இருக்கும் பக்கத்தில், சர்க்கார் இடம் கொடுத்தது. பார்சிகளுக்குக் கிடைத்தபின் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களா? ஹிந்துக்கள் கேட்டார்கள், முஸ்லிம்கள் கேட்டார்கள். 1890-லிருந்து 1895 வரையில் கவர்னராக இருந்த ஹாரிஸ் பிரபு இங்கிலாந்து கிரிக்கெட்டுக்கே தலைவராக இருந்தவர். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு எப்படி மறுப்பது என்று அவர் யோசித்தார். அவர் காலத்தில் இஸ்லாம் ஜிம்கானாவும், 1894-ல் ஹிந்து ஜிம்கானாவும் அதே கடற்கரை வரிசையில் எழுந்தன. பிற்காலத்தில் கத்தோலிக்க ஜிம்கானாவும் சேர்ந்துகொண்டது.

கவனித்தீர்களா? ஜனங்கள் கேட்டது ஒரு பொது மைதானம். கிடைத்தது வரிசையாகச் சில வேலிகள். எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எல்லோருக்குமான இடம் கிடைக்கவில்லை.

வேலி போட்டபின் பயிர் வளர வேண்டுமே! 1907-ல் ஐரோப்பியர், பார்சிகள், ஹிந்துக்கள் மூவரும் மோதும் மும்முனைப் பந்தயம் தொடங்கியது. 1912-ல் முஸ்லிம்கள் சேர்ந்து அது நான்கு முனையாயிற்று. 1937-ல் மீதிப் பேரையெல்லாம் ஒரே கட்சியாகச் சேர்த்து ஐந்து முனையாக்கினார்கள். பந்தயம் பார்க்க ஊரே திரண்டது. பிரமாதமான ஆட்டம் நடந்தது என்பதையும் மறுக்க முடியாது.

வேலிக்குள்ளேயும் வேலி இருந்தது. பால்வங்கர் பாலு என்று ஒரு மகத்தான பந்து வீச்சாளர். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர்களுடைய கிளப்பில் தரையைச் சமன் செய்யும் வேலை பார்த்து, அவர்களுக்குப் பந்து வீசியே தேர்ச்சி பெற்றவர். ஹிந்துக்கள் அவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டு ஜயித்தார்கள். கட்சித் தலைமையை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அந்தக் கௌரவம் கிடைத்தது. வேலி போடுகிற பழக்கம் வந்துவிட்டால் ஒன்றோடு நிற்காது.

1940-ல் ஹிந்து ஜிம்கானாவைச் சேர்ந்தவர்கள் வார்தாவுக்குப் போய் மகாத்மா காந்தியைக் கண்டார்கள். மதவாரியாகக் கட்சி பிரித்து ஆடுவது தமக்குச் சம்மதம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் பந்தயம் தள்ளாடித் தள்ளாடி நடந்து, 1946-ல் ஒருவழியாக நின்றது. இதற்கெல்லாம் ஒரு போலோக் குதிரையின் குளம்புதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் 1882-ல் போட்ட உத்தரவு 1883-லும் நிலைத்திருந்தால், அந்தக் கடற்கரை வரிசை அந்த மாதிரியே எழுந்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் சென்னையைப் பார்த்தால் இந்த யோசனை இன்னும் பலப்படுகிறது. இங்கேயும் சேப்பாக்கத்தில் துரைமார்களுடைய மதராஸ் கிரிக்கெட் கிளப், 1846-ல் பிறந்தது. இந்திய ஆட்டக்காரர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை. சாப்பாடு மரத்தடியிலேதான் என்று சொல்வார்கள். புச்சிபாபு நாயுடு 1888-ல் கோட்டைக்கு எதிரே எஸ்பிளனேடில் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயரிலேயே ‘யுனைடெட்’ என்ற சொல் இருந்தது. இந்தியர் யாரானாலும் ஆடலாம். ஆகவே சென்னையில் பெரிய பந்தயம் என்று வந்தபோது, அது இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த பந்தயமாகவே இருந்தது. 1908-ல் முதல் பந்தயம் ஏற்பாடாயிற்று; அதே வருஷத்தில் புச்சிபாபு காலமானார். அவர் இங்கே போட்டது மைதானம், வேலி அல்ல.

பம்பாய் மைதானத்தின் பிற்காலச் சரித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். 1933-ம் வருஷம் டிசம்பர் மாதம், இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. எங்கே? அதே பம்பாய் ஜிம்கானா தரையில்! லாலா அமர்நாத் 118 ஓட்டங்கள் எடுத்தார். எந்தத் தரையைக் குதிரைக் குளம்பு படாமல் அத்தனை அருமையாகக் காப்பாற்றி வைத்திருந்தார்களோ, அது கடைசியில் ஒரு லாகூர்ப் பையனுக்குப் பயன்பட்டது.

வேலிக்கு வெளியே இருந்த தரை என்ன ஆயிற்று? அதுதான் ஆசாத் மைதானம். அங்கே இருபதுக்கு மேற்பட்ட ஆடுகளங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. ஓர் ஆட்டத்தின் எல்லைக் காவல்காரன் இன்னோர் ஆட்டத்தின் மட்டைக்காரனுக்குப் பக்கத்தில் நிற்பான். நாலு திசையிலிருந்தும் பந்து வரும். யாருடைய பந்து என்று கேட்டு எறிந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். 1988-ல் இங்கேதான் சச்சின் டெண்டுல்கர், வினோத் காம்ப்ளி என்ற இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆட்டமிழக்காமல் சேர்ந்து 664 ஓட்டங்கள் அடித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடப் பந்தயத்துக்கு ஹாரிஸ் கேடயம் என்று பெயர். நம் ஹாரிஸ் பிரபுவின் பெயர்தான்.

அந்த நெரிசலைப் பார்க்கிறவர்களுக்கு, இதில் எப்படித்தான் ஆடுகிறார்களோ என்று தோன்றும். ஆனால் 1881-ல் கையெழுத்துப் போட்டவர்கள் கேட்டது இதைத்தான். தனி இடம் கேட்கவில்லை. மற்றவர்களோடு இடித்துக்கொண்டு ஆட இடம் கேட்டார்கள். நாளைக்கு உங்கள் பேட்டைப் பூங்காவில் பெயர் தெரியாத ஒரு புது ஆட்டத்துக்காக நாலு பையன்கள் கோடு கிழிக்க வந்தால், அவர்களைத் துரத்துவதற்கு முன்னால், அல்லது ஒரு மூலையில் கம்பி வேலி போட்டு ஒதுக்கிவிடுவதற்கு முன்னால், இந்தப் பழைய மகஜரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நகர்ந்து நின்று இடம் விடுவது கொஞ்ச நேரத்துக் கஷ்டம். வேலி அப்படியல்ல, போட்டால் பிடுங்குவதற்கு இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது.