சமூகக் காரணம்

1990களில் சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், பச்சிளங் குழந்தைகள் இறந்ததற்கான காரணங்களுக்கிடையே மருத்துவ நூல் எதிலும் இல்லாத ஒரு காரணமும் இருந்தது. குறைமாதம், மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு என்ற வரிசையில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருப்பார்கள். பிறந்த வீட்டிலேயே கொல்லப்பட்ட பெண் குழந்தை என்பதுதான் அதற்குப் பொருள். எழுதிய கிராம சுகாதார செவிலியருக்கும் அதைத் தொகுத்து மேலே அனுப்பிய மருத்துவ அலுவலருக்கும் அந்தப் பொருள் தெரியும். கொலை என்று எழுதினால் போலீஸ் வர வேண்டும். போலீஸ் வந்து போன தெருவில் அடுத்த பிரசவத்துக்குச் செவிலியரை யார் உள்ளே விடுவார்கள்? இயற்கைச் சாவு என்று எழுதினால் அது பொய். இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த சொல் இது. எழுதியவர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எழுதி வைக்காவிட்டால் நமக்குக் கணக்கே கிடைத்திருக்காது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பெண் சிசுக்கொலையின் வரலாறு முழுக்க நடந்த ஒரு தவறு இருக்கிறது. ஒரு வீட்டின் நான்கு சுவருக்குள், பெயர் சொல்லக்கூடிய சிலர் கூடி எடுத்த முடிவை, முகமில்லாத ஒன்றின் தலையில் கட்டிவிடும் தவறு அது. முதலில் சாதியின் வழக்கம் என்றார்கள், பிறகு சமூகத்தின் காரணம் என்றார்கள், நீதிமன்றத்துக்கு வந்தபோது பெற்றவளின் குற்றம் என்றார்கள். மூன்றிலும் வீடு தப்பித்துக்கொண்டது.

சாதியின் வழக்கம் என்று பார்க்கும் பார்வையை அரசாங்கத்துக்குள் கொண்டுவந்தவர்கள் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள். 1789இல் காசியில் ரெசிடெண்டாக இருந்த ஜொனாதன் டங்கன், ஜான்பூர்ப் பக்கத்து ராஜகுமார் ராஜபுத்திரர்களிடையே பெண் குழந்தைகள் கொல்லப்படுவதை அறிந்து, இனிச் செய்யமாட்டோம் என்று அவர்களிடம் உறுதிமொழி எழுதி வாங்கினார். ஒரு குலத்தார் மொத்தமாகக் கையெழுத்திட்டு ஒரு குற்றத்தைக் கைவிடுவது என்ற விசித்திரம் அங்கே தொடங்குகிறது. 1870இல் வந்த பெண் சிசுக்கொலைத் தடுப்புச் சட்டமும் அதே வழியில் போனது. சந்தேகத்துக்குரிய குலங்கள், கிராமங்கள் என்று அறிவித்து அவர்களின் பிறப்பு இறப்புகளைக் கண்காணிப்பதுதான் அதன் முறை. அடுத்த ஆண்டே, 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்ததைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டு சட்டங்களுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: குற்றம் ஆளிடம் இல்லை, பிறப்பில் இருக்கிறது. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் பாய்ந்தது. மதுரைச் சீமையில் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். அதன் பதிவேட்டில் ரேகை வைக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 15 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த ஊர் உசிலம்பட்டி வட்டாரத்தில் இருக்கிறது.

அதே உசிலம்பட்டி 1980களின் நடுவில் மறுபடியும் குற்றத்தின் பெயராயிற்று. 1985இல் ஜூனியர் விகடன் எழுதியது. 1986 ஜூனில் இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரையாக்கி, அதற்கு முந்தைய பத்தாண்டில் 6,000 பெண் குழந்தைகள் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. கொலைகள் உண்மை, செய்தியாளர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் படித்தவர்கள் மனத்தில் பதிந்தது வேறு. கள்ளிப்பால், உசிலம்பட்டி, பிரமலைக் கள்ளர் என்ற மூன்று சொற்களும் ஒரே முடிச்சாக இறுகிப் போயின. 1994இல் வந்த பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ தேசிய விருது பெற்ற படம், பலரை அழவும் வைத்தது. அதுவும் அந்த மண்ணின் கதையாகவே நினைவில் நின்றது. ரேகைப் பதிவேட்டிலிருந்து 1947இல் விடுபட்ட ஒரு சமூகத்தார், நாற்பது ஆண்டு கழித்து வேறொரு பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள். மற்ற மாவட்டக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது: குற்றத்துக்கு ஓர் ஊர் கிடைத்துவிட்டால் நம் ஊரைப் பார்க்க வேண்டியதில்லை.

பழங்கால வழக்கந்தானே, ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901இல் 1,000 ஆண்களுக்கு 1,044 பெண்கள் இருந்தார்கள். இதை மட்டும் சான்றாகக் காட்ட மாட்டேன். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்கள் கப்பலேறிப் போன காலம் அது. ஊரில் பெண்கள் மிகுந்திருந்ததில் வியப்பில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தனியாகக் கப்பலேறுவதில்லை, அவர்கள் கணக்கைப் பார்ப்போம். 1,000 சிறுவர்களுக்கு 1961இல் 985 சிறுமிகள். 1971இலும் ஏறத்தாழ அதே எண். 1981இல் 967 ஆயிற்று, 1991இல் 948. சேலம் மாவட்டத்தில் மட்டும் 1991இல் 849. தொன்றுதொட்ட வழக்கம் என்றால் 1971 வரை அது கணக்கில் தலைகாட்டாமல் எங்கே ஒளிந்திருந்தது? அதற்கு முன் எந்த வீட்டிலும் எந்தக் குழந்தையும் கொல்லப்படவில்லை என்று நான் வாதிடவில்லை. நீலகிரித் தோடர்களிடையே இருந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. பிற இடங்களிலும் வறட்சியிலும் பஞ்சத்திலும் நடந்திருக்கலாம். குழந்தைச் சாவு மலிந்திருந்த காலத்தில் ஒரு கொலை எளிதில் மறைந்தும் போயிருக்கும். ஆனால் எண்ணிக்கையைச் சரிக்கும் அளவுக்கு அது பெருகியது மின்மோட்டாரும் பஸ்ஸும் ஊருக்குள் வந்துவிட்ட பிறகுதான்.

எண்கள் சரிந்த அந்த இருபது ஆண்டுகளில் வீட்டுக்குள் மாறியது கல்யாணக் கணக்கு. 1949–50இல் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் வெளியிட்ட நூலில் இரு வீடுகளுக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலை விரிவாகப் பதிந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடுவார்கள், பெண் வீட்டார் சீர் திருப்புவார்கள், தாய்மாமன் வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் பல ஆண்டுகள் இரு திசையிலும் பண்டம் போய் வரும். தமிழகத்தில் உழுது பிழைத்த சாதிகள் பலவற்றிலும் ஏறத்தாழ இதுதான் நடைமுறை. 1959இல் வைகை அணை திறந்தது. தண்ணீர் பாய்ந்த ஊர், பாயாத ஊர் என்று ஒரே வட்டாரம் இரண்டாகப் பிரிந்தது. நஞ்சை வைத்திருப்பவன், அரசு வேலைக்குப் போனவன் என்று மாப்பிள்ளைகளுக்கு விலை வைக்கத் தொடங்கினார்கள். பரிசம் மறைந்து, நகையும் ரொக்கமும் ஒரே திசையில் போகலாயின. கொங்குப் பக்கம் இதே வேலையைக் கிணற்றுப் பாசனமும் விசைத்தறியும் செய்தன. சீர் கல்யாணத்தோடு முடிவதுமில்லை. காதுகுத்து, வளைகாப்பு, பிள்ளைப்பேறு என்று பிறந்த வீடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வரதட்சிணைதான் காரணமென்றால் தஞ்சாவூரில் ஏன் இல்லை, நாகர்கோவிலில் ஏன் இல்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரதட்சிணை வெகுகாலமாகக் கொடிகட்டிப் பறக்கும் இடங்களில் பச்சைக் குழந்தையைக் கொல்லும் பழக்கம் பரவவில்லை. வறுமை என்ற விடையும் நிற்காது. வடஆற்காட்டில் கே.வி.குப்பம் வட்டாரத்தின் 12 கிராமங்களை 1980களின் பிற்பகுதியில் தொடர்ந்து கவனித்த ஆய்வு, சில ஊர்களில் இந்தக் கொலைகள் நடப்பதையும் பக்கத்து ஊர்களில் அறவே இல்லாததையும் கண்டது. நடந்த வீடுகளில் நிலமுள்ள வீடுகளே மிகுதி. இன்னொன்றும் தெரிந்தது: தலைச்சன் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை, இரண்டாவதாக, மூன்றாவதாகப் பிறந்த பெண்தான் சாகிறாள். இது வெறியும் அல்ல, மூடநம்பிக்கையும் அல்ல; எண்ணிப் பார்த்துச் செய்தது. நிலம் சிதறக் கூடாது, கொள்ளி வைக்க மகன் வேண்டும், பிள்ளை இரண்டுக்கு மேல் கூடாது என்ற மூன்று எண்ணங்களும் ஒரே வீட்டில் சேர்ந்தால், இரண்டாவது பெண்ணுக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1990களின் நடுவில் ஏறத்தாழ இரண்டாகிவிட்டது. அந்தச் சாதனைக்கு வீட்டுக்குள் யார் விலை கொடுத்தார் என்று குடும்பநல விளம்பரங்கள் கேட்கவில்லை. 1989இல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்குண்டு என்று தமிழக அரசு சட்டம் திருத்தியது. நிலம் வைத்திருந்தவர்கள் மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இந்த முடிவுகளை எடுத்தது யார்? மாமியார், கணவன், கணவனின் வீட்டுப் பெரியவர்கள், சில இடங்களில் கூலி வாங்கிய மருத்துவச்சி. பெற்றவள் பிரசவம் முடிந்து எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள். வழக்கு என்று வந்தபோது போலீஸ் முதலில் தேடியது அவளைத்தான். குழந்தையோடு இருந்தவள் அவள், கையில் எடுத்தவளும் பல நேரம் அவளே. சட்டத்துக்குக் கை முக்கியம். 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சிசுக்கொலைக்கென்று தனிப் பிரிவு இருக்கவில்லை. கொலைக்கு 302, பிறந்ததும் சாகும்படி செய்தால் 315, கைவிட்டுப் போனால் 317, பிறப்பை மறைத்துப் புதைத்தால் 318. இங்கிலாந்து 1922இலும் 1938இலும் இயற்றிய சிசுக்கொலைச் சட்டங்கள் பிரசவத்தால் மனம் பேதலித்த தாய்க்குத் தண்டனையைக் குறைத்தன. அதை இங்கே கொண்டுவந்தாலும் பயனில்லை. இங்கே அவள் மனம் பேதலித்துச் செய்யவில்லை. ‘பொட்டப் புள்ளையோட வீட்டு வாசப்படி மிதிக்காதே’ என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்தாள். அப்படியானால் தாய்க்குப் பொறுப்பே இல்லையா என்பார்கள். உண்டு. கூடத்தில் உட்கார்ந்து முடிவு சொன்னவர்களுக்கும் அதே பொறுப்பு உண்டு என்றுதான் சொல்கிறேன். கூட்டுச்சதியையும் தூண்டுதலையும் தண்டிக்க அதே சட்டத்தில் பிரிவுகள் இருந்தன. நகைக்கடைத் திருட்டில் சுவரில் ஏறியவனோடு ஏவியவனையும் தேடுகிற காவல் நிலையம், இந்தக் குற்றத்தில் ஏவியவரைத் தேடியது அபூர்வம்.

வீட்டின் இந்த மறைவை உடைத்தது போலீஸ் அல்ல, முதலில் சொன்ன பதிவேடுதான். இயற்கையில் ஆண் சிசு நோஞ்சான். பிறந்த முதல் வாரத்தில், முதல் மாதத்தில் ஆண் குழந்தைகளே மிகுதியாகச் சாகும்; எந்த நாட்டிலும் இதுதான் நிலை. ஒரு வட்டாரத்தில் இது தலைகீழாக இருந்தால், யாரும் வாயைத் திறக்காவிட்டாலும் எண்கள் சாட்சி சொல்கின்றன. ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் மாநிலமெங்கும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995ஆம் ஆண்டுப் பதிவுகளை இப்படி வாசித்து 1997இல் வெளியிட்டார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல்லில் தொடங்கிச் சேலம், தருமபுரி வழியாக வடஆற்காடு வரை ஒரு பட்டை போல இந்தச் சாவுகள் தெரிந்தன. ஆண்டுக்கு மூவாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை. ஒரு சாதிக்குள் அடங்கவில்லை, உசிலம்பட்டிக்குள்ளும் அடங்கவில்லை. தருமபுரியில் 1998இல் இந்தக் கொலைகளுக்கு எதிராகக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகக் கலைப்பயணம் போயின. அந்த நாடகங்களில் குற்றவாளிக் கூண்டில் நின்றது முழுக் குடும்பம். அறிக்கைகள் தயங்கிய இடத்தில் நாடகக்காரர்கள் தயங்கவில்லை.

அரசு 1992லேயே ஒரு விடை கண்டிருந்தது. முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம், கேள்வி கேட்க மாட்டார்கள். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் நீட்டினார்கள். கைவிடுவதற்கு அரசே வழிகாட்டுகிறது என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தாலும், தொட்டிலால் பிழைத்த பிள்ளைகளிடம் போய் அதைச் சொல்ல முடியாது. என் குறை வேறு. தொட்டில் வைத்த இடத்திலும் தந்தையும் அவன் வீடும் கேள்விக்கு வெளியே நின்றார்கள். 1992இலேயே வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் மகளின் பெயரில் பணம் போட்டு வைத்தது. ஆண் வாரிசு இல்லாத பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் அது கிடைக்கும். மகன் வேண்டும் என்று தவிக்கும் வீடு இதற்கு எப்படி வரும்? அதற்குள் சேலத்தில் ஸ்கேன் மையங்கள் பெருகிவிட்டன. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடை செய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல்தான் நடைமுறைக்கு வந்தது. கள்ளிப்பால் செய்த வேலையில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. பதிவேட்டில் எழுதச் சாவே இல்லாமல் போயிற்று.

2001இல் தருமபுரியில் 1,000 சிறுவர்களுக்கு 826 சிறுமிகள். அடுத்து 2011 கணக்கெடுப்பில் சேலமும் தருமபுரியும் 900ஐத் தாண்டி மேலே வந்தன. சுகாதார ஊழியர்களும் கலைக்குழுக்களும் பட்ட பாட்டுக்கு அதில் பங்குண்டு. ஆனால் அதே 2011இல், பழைய பட்டியல் எதிலும் முன்னணியில் வராத கடலூர் 896க்கும் அரியலூர் 897க்கும் இறங்கியிருந்தன. எந்தச் சாதியின் வழக்கம் வைகைக் கரையிலிருந்து வெள்ளாற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தது என்று இதுவரை யாரும் விளக்கவில்லை. கொங்கு நாட்டில் 1980களிலும் 90களிலும் பிறந்த மகன்கள் இப்போது கல்யாண வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். தோட்டமும் தறியும் கைக்கு வந்திருக்கின்றன, பெண் கிடைப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்தில் பெண் பார்த்துத் தரத் தரகர்கள் இருக்கிறார்கள். நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், கல்யாணச் செலவும் எங்களுடையது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள். தரகுக் கூலியையும் அவர்களே கொடுக்கிறார்கள்.